மாமனார் ஊற்றிய ஆறு லிட்டர்

எஞ்சின் ஆயில் டப்பாவின் மேல் முதன்முதலில் 'ஜீரோ' என்று எழுதியவன் யாரோ எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயம். அவனுக்கு மல்லசமுத்திரம் பக்கம் மாமனார் வீடு இருந்திருக்காது. இருந்திருந்தால் 'ஒன்று' என்றாவது எழுதியிருப்பான். (ஒன்று எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?)

ஆறு வருடமாகியும் இந்த ஆத்திரம் எனக்கு அடங்கவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன், யார் மேல் தப்பு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். என் மேல்தான் என்று சொல்லப் போகிறீர்கள், அது எனக்கே தெரியும். என் மனைவி பூங்கொடி அன்றைக்கே சொல்லிவிட்டாள். இருந்தாலும் கேளுங்கள்.

நான் வாழப்பாடிக்காரன். ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் வாத்தியார். எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த சொத்து என்றால் அப்பாவின் சைக்கிள் ஒன்றுதான். பெண் எடுத்ததோ மல்லசமுத்திரம் பக்கத்தில், போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் வீட்டில். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. மாமாவுக்கு இரண்டு ரிக். வருடத்தில் எட்டு மாதம் இரண்டும் வெளிமாநிலத்தில் பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். மீதி நாலு மாதம் வாசலில் நிற்கும். அப்போது அந்த வீட்டு ஆம்பளைகள் எல்லோரும் அதன் அடியில் படுத்திருப்பார்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் கம்ப்ரஸர், டீசல், ஆயில் என்றுதான் பேச்சு.

அந்த வீட்டில் எனக்கு மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. "வாங்க மாப்பிள்ளை", "உக்காருங்க மாப்பிள்ளை", "இன்னும் ரெண்டு போட்டுக்கங்க மாப்பிள்ளை". மரியாதை மட்டும்தான் இருந்தது, அதுதான் பிரச்சினை. ஒருமுறை 'டார்க்', அதாவது எஞ்சினின் முறுக்குவிசை பற்றிப் பேச்சு வந்தது. டார்க்குக்குச் சூத்திரம் எழுதிப் பாடம் நடத்துகிறவன் நான். ஆவலாக வாயைத் திறந்தேன். மாமா ரொம்பப் பிரியமாக, "வாத்தியாருக்கு எதுக்குங்க இந்த இரும்புப் பேச்செல்லாம், நீங்க கறி போட்டுக்கங்க" என்று இலையில் ஒரு கரண்டி கறியை வைத்தார். திறந்த வாயில் கறியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

அந்த வீட்டுப் பரிமாறல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், கதைக்கு அது தேவை. அங்கே 'போதும்' என்று மாப்பிள்ளை சொன்னால் அது போதும் என்று அர்த்தமில்லை, கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். இன்னொரு கரண்டி விழும். இலை மேல் குனிந்து இரண்டு கையையும் விரித்து மறைத்தால்தான் நிறுத்துவார்கள். மாப்பிள்ளைக்கு அளந்து போடுவது அவர்களுக்கு மானக்கேடு.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் நான் கார் வாங்கினேன். சின்னப் பெட்ரோல் கார். வண்டியோடு ஒரு புத்தகம் கொடுப்பார்கள் அல்லவா, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடந்து பழுப்பாகிப் போகுமே, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஆள் இந்தச் சேலம், நாமக்கல் வட்டாரத்திலேயே நானாகத்தான் இருப்பேன். படித்ததோடு விட்டேனா? வாத்தியார் புத்தி. முக்கியமான இடங்களில் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு வைத்தேன். எஞ்சின் ஆயில் என்ற பக்கத்தில் இரண்டு கோடு. ஒன்று கிரேடுக்கு: 0W-20. இன்னொன்று அளவுக்கு: மூன்று லிட்டர் சொச்சம்.

ஜீரோ-இருபது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? முதல் எண், குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. எண் சிறிதாக ஆக சுலபமாக ஓடும். இரண்டாவது எண், எஞ்சின் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இந்தக் காலத்துச் சின்ன எஞ்சின்களுக்குள் சந்து இடுக்கெல்லாம் மயிரிழை. அதில் சட்டென்று நுழைந்து ஓட இளக்கமான ஆயில்தான் வேண்டும். பாகுநிலை என்ற பாடத்தில் தேனையும் தண்ணீரையும் சரித்துக் காட்டி வருடாவருடம் இதையே நடத்துகிறேன். கேள்வித்தாளில் ஐந்து மார்க்குக்கு வரும்.

மாமா வீட்டில் அந்த எண்களுக்கு வேறு அர்த்தம். அங்கே அது அந்தஸ்து. "நம்ம வண்டிக்குப் பதினஞ்சு-நாப்பது", "பழைய லாரிக்கு இருபது-அம்பது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். நாற்பது உள்ளவன் ஐம்பது உள்ளவனை மரியாதையாகப் பார்ப்பான். அப்படிப்பட்ட சபையில் ஜீரோவோடு ஒருவன் எப்படிப் போய் நிற்பது?

நின்றேன். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை என் மச்சினன் சபரிக்குக் கெங்கவல்லியில் நிச்சயம். சபரிக்கு முப்பத்து மூன்று வயது. தங்கமான பையன். ஆனால் எட்டு மாதம் வெளிமாநிலத்தில் ரிக்கோடு கிடப்பவனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள்? பத்து இடம் பார்த்து பத்தும் தட்டிப் போயிருந்தது. இது பதினோராவது. பெண் பெயர் தேன்மொழி. ஆத்தூரில் ஒரு கார் கம்பெனியில் ஆபீஸ் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். பெண்ணின் பெரியப்பா நேரம் காலத்தில் ரொம்பக் கறார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றி முடித்தாக வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் பேச்சே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். என் மாமியார் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. "இதும் போச்சுன்னா எம்பையன் ரிக்கையே கட்டிக்க வேண்டியதுதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிச்சயப் புடவையும் இருபத்தொரு தட்டும் என் காரில் வருவது என்று முடிவாகியிருந்தது. நானே கேட்டு வாங்கிய பொறுப்பு. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வாகனப் பொறுப்பு.

சாயங்காலம் மாமா என் காரைச் சுற்றி வந்தார். "எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்க மாப்பிள்ளை?"

"பத்தாயிரம் தாண்டிருச்சுங்க மாமா."

"ஆயிலு மாத்தீட்டீங்களா?"

"அடுத்த வாரம் கம்பெனியில கொண்டுபோய் உடலாம்னு இருக்கேனுங்க." (இந்த 'உடலாம்', 'இருக்கேனுங்க' எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் நான் படித்துக்கொண்ட பாஷை. அதிலும் அப்போது பாஸ் மார்க்குதான்.)

மாமா முகம் வாடிவிட்டது. "என்னங்க மாப்பிள்ளை இது. ஊட்டுல பேரல் பேரலா ஆயிலு நிக்குது, நீங்க கம்பெனிக்குப் போவீங்களா? நாளைக்கு நிச்சயத்துக்குத் தட்டு ஏத்தீட்டுப் போற வண்டிங்க. பழைய ஆயிலோடயா போறது?"

நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு ரிக் டிரைவர்கள் காருக்கு அடியில் போய்விட்டார்கள். அடி நட்டைக் கழற்றினார்கள். பழைய ஆயில் இரும்புச் சட்டியில் இறங்கியது. மாமா அதில் ஒரு விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்து உருட்டிப் பார்த்தார். அவர் ஆயிலுக்குப் பார்க்கும் பரிசோதனை அதுதான். முகத்தைச் சுளித்தார். இன்னொருமுறை உருட்டினார்.

"மாப்பிள்ளை, இதென்னங்க ரசமாட்ட ஓடுது? புடிப்பே இல்லீங்களே."

டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சபரி எட்டிப் பார்த்தான். ஒருவர் "பாவம்" என்றே சொல்லிவிட்டார். என் வண்டிக்கு ரத்தசோகை என்று டாக்டர் சொன்னதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நியாயம் பேச வேண்டும். மாமா முறையாகத்தான் கேட்டார். "புக்குல என்ன நம்பருங்க போட்டிருக்குது? அதையே ஊத்திருவோம்."

கேட்டாரா இல்லையா? கேட்டார். எனக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும், சிவப்புக் கோடே போட்டிருக்கிறேன். ஜீரோ-இருபது என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். பதினைந்து-நாற்பதுகளும் இருபது-ஐம்பதுகளுமாகக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் நான், ஜீரோ. இதைச் சொன்னால் இன்னும் இருபது வருடத்துக்கு 'நீங்க கறி போட்டுக்கங்க' தான்.

"நாப்பதுதானுங்க மாமா" என்றேன். "பதினஞ்சு-நாப்பது. நம்ம வண்டிகளுக்கு ஊத்தறதேதான்."

மாமா என் தோளில் தட்டினார். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் முதல் தட்டு. "அப்புடிச் சொல்லுங்க! வாத்தியாரா இருந்தாலும் நம்ம மாப்பிள்ளை வெவரமான ஆளுங்கடா" என்று டிரைவர்களிடம் சொன்னார். பொய் சொன்னவனுக்கு நெஞ்சு குறுகுறுக்க வேண்டாமா? எனக்குக் குளுகுளு என்றுதான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல வருகிறது.

அடுத்தது அளவு. பேரலில் கை பம்பு வைத்துக் குடத்தில் பிடித்து, புனல் வைத்து ஊற்ற ஆரம்பித்தார்கள். மூன்று லிட்டர் தாண்டியதும், "போதுங்க மாமா" என்றேன்.

"இருக்கட்டுங்க மாப்பிள்ளை."

"மூணு லிட்டரு சொச்சந்தான் புடிக்குமுங்க."

"எங்க ரிக்கு இருவது லிட்டரு குடிக்குதுங்க. மாப்பிள்ளை வண்டிக்கு மூணு லிட்டர அளந்து ஊத்துனன்னு தெரிஞ்சா ஊரு சிரிக்காதுங்களா?"

"போதுங்க மாமா, நெசமாவே போதுங்க."

கூச்சப்படுகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு குடம் வந்தது. இலையாக இருந்தால் கையை விரித்து மறைப்பேன். திறந்து கிடக்கும் எஞ்சின் மேல் எப்படிக் குனிந்து மறைப்பது? ஆறு லிட்டர் உள்ளே போயிற்று. அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். அதில் இரண்டு புள்ளி இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். என் குச்சியில் புள்ளிகளையே காணோம். இரண்டும் முழுகிப் போயிருந்தன. "எப்புடீங்க?" என்றார் மாமா. தோளில் தட்டிய கை இன்னும் பக்கத்திலேயே இருந்தது. "அருமைங்க மாமா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆறரைக்குக் கிளம்பினோம். தட்டு வைத்த வண்டிதான் முன்னால் போக வேண்டும் என்பதால் என் கார் முதலில். பின்னால் வேனில் மாமா, மாமியார், சபரி, சொந்தபந்தம் என்று முப்பது பேர். என் பக்கத்தில் பூங்கொடி, மடியில் புடவைத் தட்டு.

கிளம்பும்போதே வண்டி முனகியது. சேற்றில் நடக்கும் எருமையைப்போலத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. "லோடு சாஸ்தி" என்று பூங்கொடியிடம் சொன்னேன். (லோடு என்ன, இருபத்தொரு தட்டும் ஒரு பூங்கொடியும்.) நாமகிரிப்பேட்டை தாண்டியதும் கொஞ்சம் மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"பாத்தியா பூங்கொடி, என்ன பனி! கொல்லிமலையில இருந்து இறங்குது பாரு."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க, பனி நமக்குப் பின்னாடி மட்டும் ஏனுங்க இருக்குது?"

நான் இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

போன் அடித்தது. பூங்கொடி ஸ்பீக்கரில் போட்டாள். மாமா இருமிக்கொண்டே பேசினார். "மாப்பிள்ளை, உங்க வண்டில இருந்து பொகை நெம்ப வருதுங்க. எங்களுக்கு ரோடே தெரியலீங்க. ஓரங்கட்டுங்க, தட்டையெல்லாம் வேனுக்கு மாத்திக்கலாமுங்க."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நல்ல யோசனை! புத்தியுள்ளவன் என்ன செய்வான்? நான் சொன்னேன்: "புது ஆயிலுங்க மாமா, செட் ஆகறதுக்குக் கொஞ்ச தூரம் ஆகுமுங்க."

"செட்டாகறதா? ஆயிலாங்க?" என்று நாற்பது வருடம் வண்டி ஓட்டிய மனுஷன் கேட்டார். அதற்குள் இருமல் வந்து போன் கட்டாகிவிட்டது.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும், அதுதான் கொடுமை. வழிய வழிய இருந்த கெட்டி ஆயிலை எஞ்சின் தயிர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கி, நுரை மேலே ஏறிக் காற்றுக் குழாய் வழியாக பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, பின்பக்கம் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. கரும்பலகையில் படம் வரைந்து பாகம் குறித்துக்கூடக் காட்டியிருப்பேன். நிறுத்த மட்டும் மனசு வரவில்லை. நிறுத்தினால் மாமாவே மூடியைத் திறந்து பார்ப்பார், புத்தகத்தைக் கேட்பார். அப்படியே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. மங்களபுரம் தாண்டும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆத்தூரில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். நிறுத்தச் சொல்கிறாரா, சீக்கிரம் போய்த் தொலை என்கிறாரா என்று பார்ப்பதற்குள் அவரே புகைக்குள் மறைந்துவிட்டார்.

கெங்கவல்லிக்குள் நுழையும்போது மணி பத்து அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பெண் வீட்டுத் தெருவுக்குள் முதல் கியரில் திரும்பினேன். என்ன இருந்தாலும் நேரத்துக்கு வந்துவிட்டேன் அல்லவா என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அப்போதுதான் தெருப்பிள்ளைகள் 'ஹேய்' என்று கத்திக்கொண்டு என் காருக்குப் பின்னால், புகைக்குள், குதித்துக் குதித்து ஓடி வந்தார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. வரவேற்பு என்றே நினைத்தேன்.

ஒரு அம்மாள் வாசலில் நின்று, "ஏ, கொசு மருந்து அடிக்கிறவங்க வந்துட்டாங்க, சோத்த மூடுங்கடி!" என்று குரல் கொடுத்தார்.

தெரு முழுக்க ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. பெண் வீட்டில் வாழை மரம் கட்டி, சீரியல் பல்பு போட்டு, வாசலில் பன்னீர்ச் செம்போடு நான்கு பேர் நின்றிருந்தார்கள். அந்த நான்கு பேரும் செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

பத்து இடம் தட்டிப் போன மாப்பிள்ளை, பதினோராவது வீட்டு வாசலில், நல்ல நேரத்தில், மூடின கதவுக்கு முன்னால் நின்றான்.

வேனிலிருந்து ஒவ்வொருவராக இருமிக்கொண்டு இறங்கினார்கள். பட்டு வேட்டி, பட்டுப் புடவை எல்லாம் ஆயில் நாற்றம். மாமியார் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தார். சபரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவன் திட்டவில்லை.

மாமாவே ஒரு தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. மூக்கில் துண்டைக் கட்டிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது. அதுதான் பெரியப்பா.

"இன்னிக்கு எங்க வீட்ல விசேஷம்ப்பா. நாளைக்கு வந்து அடிங்க" என்றார்.

மாமா தேங்காய் பழத் தட்டை உயர்த்திக் காட்டினார். "நாங்கதானுங்க அந்த விசேஷம்."

துண்டு கீழே இறங்கியது. பெரியப்பா தட்டைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், இன்னும் புகைந்துகொண்டிருந்த என் காரைப் பார்த்தார். "வர்ற நேரத்துல கதவ சாத்திட்டோமே" என்று முனகினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் பதினோராவதும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது அவரை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். கத்தரிப்பூ நிறப் பட்டு, தலை நிறைய மல்லிகை. நிச்சயப் பெண்ணேதான். இரண்டு முறை மூக்கை உறிஞ்சினாள். "இது மருந்து இல்ல பெரியப்பா. ஆயில் எரியுது" என்றாள். நேராக என் காரிடம் வந்தாள். "யாரு வண்டிங்க? பானட்ட தெறங்க."

தரகர் சொன்ன ஆபீஸ் வேலை என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. சர்வீஸுக்கு வரும் வண்டிகளைப் பார்த்து என்ன கோளாறு, என்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவள் தேன்மொழி. வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, யாரோ நீட்டிய துண்டால் பிடித்து அளவுக் குச்சியை உருவினாள். பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தாள்.

"எத்தன லிட்டர் ஊத்துனீங்க?"

"ஆறுங்க சாமி" என்றார் மாமா பெருமை போகாத குரலில்.

"ஆறா! இதுக்குப் பாதிதாங்க புடிக்கும். என்ன கிரேடு?"

"பதினஞ்சு-நாப்பதுங்க. புக்குல அப்புடித்தான் போட்டிருக்குதுன்னு மாப்பிள்ளை சொன்னாருங்க."

"எந்த புக்குல?" என்றாள். கையை நீட்டினாள். "எடுங்க பாப்போம்."

நான் நகரவில்லை. பூங்கொடிதான் டேஷ்போர்டைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். தேன்மொழி தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது, அத்தனை தடவை படித்திருக்கிறேன். "ஜீரோ-இருபது. மூணு லிட்டர் சொச்சம்" என்று சத்தமாகப் படித்தாள். "கண்ணுல படாமப் போறதுக்கு வழியே இல்லியே. யாரோ செவப்புல கோடு வேற போட்டிருக்காங்க."

பூங்கொடி எட்டிப் பார்த்தாள். இரண்டு வருடமாக என் விடைத்தாள் கட்டுகளைப் பார்ப்பவள். "ஏனுங்க, இது உங்க பேனாவாச்சுங்களே" என்றாள்.

கெங்கவல்லித் தெருவில் முப்பது பேர் எங்கள் பக்கம், முப்பது பேர் அவர்கள் பக்கம். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. புரியாமல் பார்த்தார். "தெரிஞ்சேவா நாப்பதுன்னு சொன்னீங்க மாப்பிள்ளை?"

"ஜீரோன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க மாமா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலீங்க."

"ஜீரோன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க!"

மாமா மெதுவாகச் சொன்னார். "ஜீரோன்னா என்னங்க மாப்பிள்ளை? சொல்லியிருந்தா சேலத்துக்கே ஆள உட்டு அதையே வாங்கியாந்து ஊத்தியிருப்பனுங்களே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் புகையால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பத்தே கால். "கதவு சாத்தினது மனசுக்கு ஒரு மாதிரியா..." என்று இழுத்தார்.

"சாத்துனது நாமதான பெரியப்பா, அவங்க சரியாத்தான வந்தாங்க" என்றாள் தேன்மொழி. பிறகு சபரியை நேராகப் பார்த்தாள். "நீங்களும் இப்படித்தான் புக்க பாக்காம ஊத்துவீங்களா?"

பத்து இடத்திலும் வாயே திறக்காத சபரி பதறிப் போய், "இல்லீங்க, நீங்க எத்தன சொல்றீங்களோ அத்தனதானுங்க" என்றான்.

முதலில் சிரித்தது பெரியப்பாதான். பிறகு தெருவே சிரித்தது. என் மாமியார் அழுதுகொண்டே சிரித்தார். தட்டுகள் ஓட்டமும் நடையுமாக உள்ளே போயின. பத்து இருபத்தாறுக்குத் தட்டு மாற்றினார்கள். நிச்சயப் புடவையை விரித்தபோது கூடமெல்லாம் லாரி ஷெட் வாசம். "எனக்கு இது பழகின வாசந்தான்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தாள் அந்தப் பெண்.

நான் கூடத்தில் இல்லை. வாசலில், உள்ளூர் மெக்கானிக் ஒருவர் என் வண்டியிலிருந்து ஆயிலை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "எவன்ங்க இத ஊத்துனது?" என்று அவர் நாலு தடவை கேட்டார். திரும்பும்போது வேனின் கடைசி சீட்டில், காலிப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தேன். கார் ஒரு வாரம் ஆத்தூரிலேயே கிடந்து, தேன்மொழி தயவில் பிழைத்து வந்தது.

இப்போது சொல்லுங்கள், யார் மேல் தப்பு? ஜீரோ என்று எழுதினானே, அவன் மேல் ஒரு துளிகூட இல்லையா? அளவாக ஊற்றினால் மானம் போகும் என்ற அந்த வீட்டு வழக்கத்தின் மேல்? சரி, விடுங்கள்.

சபரிக்கும் தேன்மொழிக்கும் இப்போது ஒரு பெண் குழந்தை. ரிக் ஷெட்டில் பேரல்களெல்லாம் தேன்மொழி பொறுப்பு. ஒவ்வொன்றின் மேலும் எந்த வண்டிக்கு என்று எழுதி வைத்திருக்கிறாள். பதினைந்து-நாற்பது பேரலின் மேல் மட்டும் கூடுதலாக ஒரு வரி: 'மாப்பிள்ளை வண்டிக்கு இல்லை'. சிவப்பு பெயிண்டில், இரண்டு அடிக்கோடு போட்டு. விருந்துக்குப் போனால் இலையில் ரசம் ஊற்ற வருகிறவர்கள்கூட, "உங்க புக்குல எத்தன கரண்டீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். அந்த வீட்டில் 'போதும்' என்று ஒரு தடவை சொன்னாலே நிறுத்துகிற ஒரே இலை என்னுடையது.

ஆயில் மாற்றும் காலம் வந்தால் மாமா போன் செய்வார். பக்கத்தில் டிரைவர்கள் எல்லோரும் இருக்கும்போதுதான் செய்வார், ஸ்பீக்கரில் போட்டு. போன மாதமும் செய்தார். நான் ஸ்டாஃப் ரூமில் ப்ளஸ் ஒன் விடைத்தாள் கட்டைத் திருத்தி முடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டை வாங்கிப் போக வந்த வகுப்புத் தலைவி கதவருகில் நின்றிருந்தாள்.

"மாப்பிள்ளை, உங்க வண்டிக்கு என்ன நம்பருங்க?"

"ஜீரோங்க மாமா."

"கேக்கலீங்க."

"ஜீரோ!" என்று கத்தினேன்.

அந்தப் பெண் விடைத்தாள் கட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "சார்... ஜீரோ யாருக்குங்க சார்?"

"எனக்குத்தாம்மா" என்றேன்.